கடைப் பெயரைத் தட்டினால் சைட் வரவில்லையா? கரையோரக் கடைகளுக்கான டொமைன் பிழை நீக்கம்

ராமேஸ்வரம் லாட்ஜ், மண்டபம் நண்டு கம்பெனி, கீழக்கரை துணிக்கடை, சாயல்குடி கருப்பட்டி வியாபாரம் என்று எதுவாக இருந்தாலும், "டொமைன் கோளாறு" (கடையின் இணைய முகவரிப் பெயரில் வரும் கோளாறு) என்று வருவதில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டவை அல்ல. பெயர் யார் கணக்கில் கிடக்கிறது, ஓடிபி யார் போனுக்குப் போகிறது, காசு எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் ஆகிய மூன்றில் ஒன்று சறுக்கியிருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது.

எந்தக் கோளாறானாலும் முதல் 2 நிமிடம்

.காம், .நெட், .ஆர்க் பெயர்களுக்கு டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் (பெயர் விவரம் தேடும்) பக்கத்தைத் திறந்து உங்கள் பெயரைப் போடுங்கள். .இன் பெயர் என்றால் அதை நடத்தும் நிக்ஸியின் ரெஜிஸ்ட்ரி டாட் இன் தளத்தில் தேடுங்கள். நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ரெஜிஸ்ட்ரார் (பெயரை விற்றுப் பதிவு செய்த நிறுவனம்) யார், காலாவதி தேதி என்ன, நேம்சர்வர்கள் (பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்கள்) எவை, ஸ்டேட்டஸ் (பெயரின் தற்போதைய நிலை) என்ன. ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். பின்னால் வழக்கு, புகார் என்று போனால் தேதியுள்ள படம்தான் பேசும்.

ஸ்டேட்டஸ் வரியைப் படிக்கும் விதம் இது. "கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" என்றால் பயப்பட ஒன்றுமில்லை, கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். "கிளையண்ட் ஹோல்ட்" என்றால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார். பெரும்பாலும் காசு பாக்கி அல்லது சரிபார்ப்பு பாக்கி. "சர்வர் ஹோல்ட்" என்றால் ரெஜிஸ்ட்ராருக்கும் மேலே, ரெஜிஸ்ட்ரியே (.காம், .இன் போன்ற பெயர்ப் பட்டியலை நடத்தும் அமைப்பு) நிறுத்தியிருக்கிறது. இதை நீங்களாகச் சரிசெய்ய முடியாது, ரெஜிஸ்ட்ராருக்கு எழுத வேண்டும். "ரிடெம்ப்ஷன் பீரியட்" (காலாவதிக்குப் பிந்தைய மீட்புக் காலம்) என்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே ரெஜிஸ்ட்ராருக்குப் போன் போடுங்கள்.

அறிகுறி 1: பெயர் வாங்கி இரண்டு வாரம் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது

காரணம் அநேகமாக ஒன்றுதான். .காம் போன்ற பெயர்களை வாங்கியதும் "உங்கள் மெயிலை உறுதிசெய்யுங்கள்" என்று ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்தியாக வேண்டும். அது ஐகேன் விதி. உரிமையாளரின் மெயிலை மாற்றினாலும் இதே சரிபார்ப்பு மறுபடி வரும்.

அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கும், அல்லது வெப் டிசைனரின் மெயிலுக்குப் போயிருக்கும். கடை மெயிலை ஒரு எழுத்து தவறாகப் போட்டு வாங்கியதும் உண்டு. ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து சரிபார்ப்பு மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அழுத்திய பிறகு சில மணி நேரத்தில் சைட் திரும்பிவிடும், செலவு கிடையாது. .இன் பெயரில் அடையாளச் சான்று கேட்டு மெயில் வந்திருந்தால் அதில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். ரெஜிஸ்ட்ரார் தளத்தை நீங்களே தட்டித் திறந்து, கணக்குக்குள் அதே கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் கொடுங்கள்.

அறிகுறி 2: வருடக்கணக்காக ஓடிய சைட் மறைந்து, விளம்பரப் பக்கம் வருகிறது

காலாவதி. லுக்கப்பில் தேதியைப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. .காம் பெயர் காலாவதியான அன்றே ரெஜிஸ்ட்ரி தானாக ஒரு வருடம் கூட்டிக் காட்டிவிடும். நீங்கள் காசு கட்டியிருக்க மாட்டீர்கள். தேதி மட்டும் அடுத்த வருடம் என்று இருக்கும். அதைப் பார்த்து "காலாவதி இல்லையே" என்று ஹோஸ்டிங் கம்பெனியோடு (சைட்டைத் தன் சர்வரில் வைத்திருப்பவர்) மல்லுக்கட்டி நாளை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. ஸ்டேட்டஸில் "ஆட்டோ ரினியூ பீரியட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் உள்ள தேதிதான் உண்மையான தேதி.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

*காலாவதி ஆகி சில நாள்தான் ஆகிறது.* பழைய விலையிலேயே புதுப்பிக்கலாம். இந்தச் சலுகைக் காலம் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. 45 நாள் வரை தரலாம், ஒரு நாளும் தராமலும் போகலாம். "45 நாள் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். சிலர் அதற்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். இன்றே கட்டுங்கள்.

*ரிடெம்ப்ஷன் பீரியட்.* 30 நாள். புதுப்பிக்கும் விலையோடு மீட்புக் கட்டணம் தனியாக உண்டு. அது ஒரு வருடச் சந்தாவைப் போலப் பல மடங்கு இருக்கும். பேரம் பேசலாம், ஆனால் நாளைத் தள்ளாதீர்கள். பெயர் போர்டிலும் பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருந்தால் கட்டிவிடுவதே லாபம். போன மாதம்தான் வாங்கிய, யாருக்கும் தெரியாத பெயர் என்றால் விட்டுவிட்டு வேறு பெயர் வாங்குங்கள்.

*பெண்டிங் டெலீட்.* 5 நாள். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "நான் மீட்டுத் தருகிறேன்" என்று காசு கேட்பவரைக் கிட்டே சேர்க்காதீர்கள். 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வரும். முந்திக்கொண்டு எடுக்க முன்பதிவுச் சேவைகள் உண்டு, கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

.இன் பெயருக்கு இந்த நாள் கணக்கை உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நினைவூட்டல் வரவே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் ஒன்றும், ஒரு வாரத்துக்கு முன் ஒன்றும், காலாவதிக்குப் பின் 5 நாளுக்குள் ஒன்றும் ரெஜிஸ்ட்ரார் அனுப்பியாக வேண்டும். அனுப்பியிருப்பார்கள். எந்த மெயிலுக்கு என்பதுதான் கேள்வி. ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மெயில் முகவரியை அதே டொமைனில் வைத்திருந்தால் (கடைப்பெயர் டாட் காமில் உள்ள மெயில்), டொமைன் செத்த அன்றே அந்த மெயிலும் செத்துவிடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். கணக்குக்கு எப்போதும் தனி ஜிமெயில் கொடுங்கள்.

இந்தக் கரைக்கென்றே ஒரு யோசனை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன், நண்டு, ஐஸ், வலை என்று அதை நம்பியிருக்கும் தொழிலில் அந்த இரண்டு மாதம் காசு புழங்காது. உங்கள் காலாவதித் தேதி அதற்குள் விழுந்தால் மாசியிலேயே புதுப்பித்துவிடுங்கள். முன்கூட்டிக் கட்டினால் நாள் குறையாது, பழைய தேதியிலிருந்துதான் ஒரு வருடம் கூடும். மொத்தமாக 10 வருடம் வரை வைத்துக்கொள்ளலாம். 3 வருடம் போதும். பத்து வருடத்துக்குக் கட்டியவர் அதற்குள் பாஸ்வேர்டையும் மறந்து, பழைய சிம்மையும் தொலைத்திருப்பார்.

அறிகுறி 3: ஆட்டோ ரினியூ போட்டிருந்தும் காசு போகவில்லை

"ஆட்டோ ரினியூ ஆன்" என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல், நம் நாட்டுக் கார்டுகளில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி முன்பதிவான ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராருக்கு அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கார்டு நிராகரிக்கப்படும். பெயரும் காலாவதியாகும்.

வரிசையாகப் பாருங்கள். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருக்கிறதா? பேங்க் ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் திறந்திருக்கிறதா? 2020 மார்ச் 16-க்குப் பிறகு வந்த கார்டுகளில் இவை மூடியே வரும், நீங்கள்தான் திறக்க வேண்டும். ஓடிபி போகும் நம்பர் யாருடையது? இவை சரியாக இருந்தும் போகவில்லை என்றால் யூபிஐ ஏற்கும் ரெஜிஸ்ட்ராரிடம் பெயரை மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. அதுவரை காலாவதிக்கு 40 நாள் முன்பு போன் காலண்டரில் ஒரு அலாரம் வைத்து, கையால் கட்டுங்கள்.

ரேட்டைப் பார்த்து அதிர்ச்சியா? முதல் வருடம் 99 ரூபாய் என்று கொடுத்தது தூண்டிலில் கோர்த்த இரை. .காம் பெயருக்கு, அந்தப் பட்டியலை நடத்தும் வெரிசைன் நிறுவனம் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. அதற்குக் கீழே யாராவது விற்றால் இரண்டாம் வருடத்தில் சேர்த்து எடுப்பார்கள். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. வாங்கும்போதே "ரினியூவல் விலை" என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அறிகுறி 4: பெயர் நம்முடையது, ஆனால் கணக்கு நம்மிடம் இல்லை

இந்தப் பகுதியில் அதிகம் தலைவலி கொடுப்பது இதுதான். நின்று பார்ப்போம்.

*டிசைனர் வாங்கிக் கொடுத்தார்.* "டொமைன், ஹோஸ்டிங், சைட் எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசி, அவருடைய கணக்கில், அவருடைய பெயரிலேயே பதிவு செய்திருப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவருக்கு அது வசதி. ஆனால் சட்டப்படியும் ரெஜிஸ்ட்ரார் கணக்குப்படியும் உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். காசு கொடுத்தவர் இல்லை.

அவர் நல்லபடியாக இருந்தால் இரண்டு வழி. முதல் வழி, அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்வது. பெரும்பாலும் செலவில்லை, அன்றைக்கே முடியும். சைட்டுக்கும் மெயிலுக்கும் ஒன்றும் ஆகாது. இதையே கேளுங்கள். இரண்டாவது வழி, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது. அவர் பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டை (பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகத் தேவையான ரகசியக் குறியீடு) உங்களுக்குத் தர வேண்டும். அதைப் புது ரெஜிஸ்ட்ராரிடம் போட்டு ஒரு வருடச் சந்தா கட்டினால் 5 நாளுக்குள் வந்துவிடும். கட்டிய வருடம் காலாவதித் தேதியோடு சேரும். பதிவாகி 60 நாள் ஆகாத பெயரையும், ஏற்கெனவே ஒருமுறை மாறி 60 நாள் ஆகாத பெயரையும் மாற்ற முடியாது. உரிமையாளர் விவரத்தைத் திருத்தினாலும் பல ரெஜிஸ்ட்ரார்கள் 60 நாள் பூட்டு போடுவார்கள். ஆகவே வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதாக இருந்தால் முதலில் மாற்றுங்கள், பெயர் விவரத்தைப் பிறகு திருத்துங்கள்.

கணக்கு மாறியதும் விவரப் பக்கத்தைத் திறந்து உரிமையாளர் என்ற கட்டத்தில் உங்கள் கடைப் பெயரும் மெயிலும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அவருக்கு நன்றி சொல்லுங்கள். கணக்கு மாறி, உள்ளே பழைய பெயர் அப்படியே கிடப்பது உண்டு.

*டிசைனர் போனை எடுப்பதில்லை.* லுக்கப்பில் உரிமையாளர் கட்டத்தில் உங்கள் கடைப் பெயர் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஜிஎஸ்டி சான்று, உத்யம் சான்று, காசு அனுப்பிய யூபிஐ ரசீது, டிசைனரோடு பேசிய வாட்ஸ்அப் பதிவு ஆகியவற்றோடு ரெஜிஸ்ட்ராரின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். அவர் ஏதோ ரீசெல்லர் (ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி விற்கும் இடைத்தரகர்) மூலம் வாங்கியிருந்து அந்த ரீசெல்லர் கடையை மூடிவிட்டாலும் கவலையில்லை. லுக்கப்பில் தெரியும் ரெஜிஸ்ட்ராருக்கே நேராக எழுதலாம். பெயர் மறைப்புச் சேவை போட்டிருந்தால் லுக்கப்பில் உரிமையாளர் தெரியாது, ரெஜிஸ்ட்ராரிடம்தான் கேட்க வேண்டும். .இன் பெயர்களுக்கு அந்த மறைப்புச் சேவை அனுமதி இல்லை.

*உரிமையாளர் கட்டத்தில் டிசைனர் பெயர். கொடுக்க மாட்டேன் என்கிறார், அல்லது பெருந்தொகை கேட்கிறார்.* கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். போர்டு, பில் புத்தகம், பாக்கெட் கவர், கூகுள் மேப்ஸ் பதிவு ஆகியவற்றை மாற்ற என்ன ஆகும்? அதைவிட அவர் கேட்பது குறைவு என்றால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். அதிகம் என்றால் வேறு பெயர் வாங்குங்கள். கடைப் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு இருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள், அப்போது கை ஓங்கும்.

*ஓடிபி வளைகுடாவுக்குப் போகிறது.* கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வழக்கமாக வருவது. கணக்கைத் திறந்தது துபாயிலிருக்கும் காக்கா (அண்ணன்). ஓடிபி அவருடைய அமீரக நம்பருக்குப் போகும். அவர் விசா கேன்சலில் ஊர் வந்ததும் அந்த சிம் போய்விடும். அதற்கு முன்பே செய்ய வேண்டியது: அவர் அங்கே இருக்கும்போதே ஒருநாள் வீடியோ காலில் உட்கார்ந்து, ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிக் கடைப் பீரோவில் வையுங்கள். பெரிய ரெஜிஸ்ட்ரார்களில் பாஸ்வேர்டு கொடுக்காமலேயே இன்னொருவருக்கு அணுகல் கொடுக்கும் வசதி உண்டு, கடையில் இருக்கும் தம்பிக்கு அதைக் கொடுக்கலாம். சிம் போன பிறகு என்றால் ரெஜிஸ்ட்ராரின் அடையாளச் சரிபார்ப்பு படிவம்தான் வழி. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "காக்கா கடை" என்று கணக்குத் திறந்திருந்தால் கஷ்டம்தான்.

ரெஜிஸ்ட்ரார் மாற்றுக் குறியீட்டைத் தர இழுத்தடித்தால்: .காம் வகைப் பெயர்களுக்குக் கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் ஐகேனில் புகார் படிவம் இருக்கிறது, காசு கிடையாது.

அறிகுறி 5: எனக்கு வருகிறது, வாடிக்கையாளருக்கு வரவில்லை, அல்லது பழைய சைட்டே வருகிறது

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வைஃபையில் வராமல் அப்போது மட்டும் வந்தால் கோளாறு உங்கள் கடை இணைப்பில், டொமைனில் இல்லை. ரூட்டரை அணைத்துப் போடுங்கள். போனில் பிரைவேட் டிஎன்எஸ் (பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் தனி சர்வர்) ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

முன்னால் டபிள்யூ மூன்றும் போட்டும், போடாமலும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று வந்து மற்றது வராவிட்டால் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. வெறும் பெயருக்கு ஒரு ஏ பதிவும் (பெயரை ஹோஸ்டிங்கின் எண்ணோடு இணைப்பது), டபிள்யூ மூன்றுக்கு ஒரு சிநேம் பதிவும் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு இணைப்பது) வேண்டும்.

ஹோஸ்டிங் மாற்றிய உடனேயா? பொறுங்கள். பழைய முகவரியை ஒவ்வொரு நெட்வொர்க்கும் டிடிஎல் எனும் நேரம் வரை ஞாபகம் வைத்திருக்கும். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். நேம்சர்வரையே மாற்றியிருந்தால் 48 மணி நேரம் வரை பொறுக்கலாம். அதற்குள் பதற்றத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் கோளாறு இரட்டிக்கும். கூகுளின் டிக் (Dig) எனும் பதிவு தேடும் பக்கத்தில் பெயரைப் போட்டு ஏ பதிவு புது ஹோஸ்டிங்கின் எண்ணைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் என்எஸ்லுக்கப் கட்டளையில் 8.8.8.8-யிடம் ஒருமுறையும் 1.1.1.1-யிடம் ஒருமுறையும் (இரண்டும் எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் சர்வர்கள்) கேளுங்கள். இரண்டும் புது எண்ணைச் சொன்னால் உங்கள் வேலை முடிந்தது, மிச்சம் காத்திருப்புதான்.

48 மணி தாண்டியும் பழையதே வந்தால், பதிவை மாற்றிய இடம் தவறு. லுக்கப்பில் எழுதி வைத்த நேம்சர்வர் யாருடையதோ அவரிடம்தான் பதிவு மாற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் மணிக்கணக்காக மாற்றிக்கொண்டிருப்பார்கள், நேம்சர்வர் ஹோஸ்டிங் கம்பெனியைக் காட்டிக்கொண்டிருக்கும். காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டின் கதவுக்கு வர்ணம் அடிப்பதுபோல.

"இணைப்பு பாதுகாப்பற்றது" என்று சிவப்பாக வந்தால் முதலில் போனின் தேதி சரியா என்று பாருங்கள். சரி என்றால் சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்கானது, ஹோஸ்டிங்கே தானாகப் புதுப்பிக்க வேண்டும். ஹோஸ்டிங் பேனலில் மறுபடி வழங்கு என்ற பொத்தானை அழுத்துங்கள். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் சிறு கடைக்கு வேலையில்லை.

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தைய இரண்டு வாரத்தில் நேம்சர்வர் பக்கமே போகாதீர்கள்.

அறிகுறி 6: சைட் வருகிறது, மெயில் நின்றுவிட்டது

கடந்த சில நாளில் நேம்சர்வரை மாற்றினீர்களா? அதுதான். பழைய இடத்திலிருந்த எம்எக்ஸ் பதிவும் (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது) டிஎக்ஸ்டி பதிவுகளும் (மெயில் சரிபார்ப்பு போன்றவற்றுக்கான எழுத்துக் குறிப்புகள்) புது இடத்துக்குத் தானாக வராது. புது சைட் போட வந்தவருக்கு மெயிலைப் பற்றி ஞாபகமே இருக்காது. பழைய கணக்கு இன்னும் திறந்தால் அங்கிருந்து பதிவுகளைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். திறக்காவிட்டால் மெயில் கொடுப்பவரின் உதவிப் பக்கத்தில் அவை இருக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு இப்போது ஒரே எம்எக்ஸ் வரி போதும், முன்னுரிமை எண் 1. பழைய ஐந்து வரியும் வேலை செய்யும். இரண்டையும் கலந்து போடாதீர்கள். இடையில் திரும்பிப்போன மெயில் திரும்பிப்போனதுதான், முக்கியமானவர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

மெயில் போகிறது, ஆனால் ஸ்பேமில் விழுகிறது என்றால் ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மூலத்தைக் காட்டு என்பதை அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் சோதனைகள்) மூன்றுக்கும் நேரே "பாஸ்" என்று வர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். அதிகம் பார்க்கும் தவறு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள்: ஹோஸ்டிங் ஒன்று போட்டிருக்கும், மெயில் கம்பெனி சொன்னதை இன்னொன்றாகச் சேர்த்திருப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்றுமதி பில் அனுப்பும் கம்பெனி என்றால் இதை நீங்களே பரிசோதனை செய்து பார்க்க வேண்டாம், மெயில் வேலை தெரிந்தவரை ஒருநாள் கூப்பிட்டு டிமார்க் வரை முடித்துவிடுங்கள்.

அறிகுறி 7: பெயர் சொல்கிறோம், ஆள் வேறெங்கோ போகிறார்

டொமைன் ஓடுகிறது, தட்டுபவர்தான் வழிதவறுகிறார். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுத இருவர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கீழக்கரையின் முதல் அசைக்கு ஒருவர் "ஐ" போடுவார், ஒருவர் "இரட்டை ஈ" போடுவார். "ழ"வுக்கு ஒருவர் "எல்", ஒருவர் "இசட் எச்". கருப்பட்டிக்கு "பி" ஒன்றா இரண்டா? கருவாட்டுக்கு "ஏ" ஒன்றா இரண்டா? ராமேஸ்வரத்துக்கு நாம் "எஸ்" மட்டும் போடுவோம், வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர் "எஸ் எச்" போடுவார். லாட்ஜின் பாதி வாடிக்கையாளர் அவர்தான்.

வாங்கும் முன்னால் ஒரு சோதனை: பெயரைப் போனில் ஒருமுறை மட்டும் சொல்லி, எதிரில் இருப்பவரைத் தட்டச் சொல்லுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் தவறினால் அந்தப் பெயர் வேண்டாம். நடுவில் கோடு வேண்டாம், எண்ணும் வேண்டாம். 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதற்காக வைக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் அதிகம் தவறும் ஒரு எழுத்து முறையை மட்டும் கூடுதலாக வாங்கி, 301 திருப்புதல் (தட்டியவரை நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்புவது) போட்டு முதல் பெயருக்கு அனுப்புங்கள். ஐந்தாறு வாங்கினால் ஐந்தாறு ரினியூவல். .காம், .இன் இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புபவருக்கு .காம், உள்ளூர் வியாபாரத்துக்கு .இன் போதும். தமிழிலேயே முழுப்பெயரும் வைக்க .இந்தியா இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் சில இடங்களில் ஒட்டும்போது எக்ஸ்என் என்று தொடங்கும் கிறுக்கலாக மாறிவிடும், மெயிலும் எல்லா இடத்திலும் ஏற்காது. போர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதன்மைப் பெயராக வேண்டாம்.

முண்டு மிளகாய் விற்பவர்கள் கவனிக்க: ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குச் சொந்தமான பெயர். அதை மட்டுமே டொமைனாக வைத்தால் நாளைக்கு யாரோடும் உரிமை பேச முடியாது. உங்கள் கடைப் பெயரை முன்னால் சேருங்கள்.

அறிகுறி 8: விநோதமான மெயில், அல்லது நம் பெயரில் இன்னொரு சைட்

"உங்கள் பிராண்டை சீனாவில் ஒரு கம்பெனி பதிவு செய்யப் போகிறது, நீங்கள் முந்துங்கள்" என்று வந்தால் அழித்துவிடுங்கள். "டொமைன் எஸ்இஓ பதிவு முடிகிறது" என்று பில் போல வருவதும் அப்படியே. ரெஜிஸ்ட்ரார் பெயர் நீங்கள் தாளில் எழுதி வைத்த பெயர்தானா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

லாட்ஜ் பெயரில் ஓர் எழுத்து மாற்றிப் போலி சைட் திறந்து, அறைக்கு அட்வான்ஸ் வாங்குவது வேறு ரகம். அதில் நேரம் முக்கியம். லுக்கப்பில் போலிப் பெயரைப் போட்டு ரெஜிஸ்ட்ராரின் அப்யூஸ் (மோசடிப் புகார்) மெயில் முகவரியை எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள். உங்கள் லைசென்ஸ் நகலையும் சேருங்கள். காசு இழந்த யாத்திரிகர் இருந்தால் அவரை உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் சைட்டிலும் கூகுள் மேப்ஸ் பதிவிலும் சரியான போன் நம்பரைப் பெரிதாகப் போடுங்கள்.

வெளிநாட்டு வாங்குபவருக்கு உங்கள் பெயர் போலவே இருக்கும் டொமைனிலிருந்து "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் போயிருந்தால், மெயிலில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வாங்குபவருக்குப் போன் போடுங்கள், அவருடைய பேங்கில் நிறுத்தச் சொல்லுங்கள், நீங்கள் 1930-க்குச் சொல்லுங்கள். அந்த மோசக்காரருக்கு உங்கள் பில் விவரம் எப்படித் தெரிந்தது? யாரோ ஒருவரின் மெயில் திறந்து கிடக்கிறது. எல்லா மெயில் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள்.

போலிப் பெயரை நிரந்தரமாகப் பிடுங்க வேண்டுமானால் .இன் பெயருக்கு ஐஎன்டிஆர்பி, .காம் பெயருக்கு யூடிஆர்பி என்ற நடுவர் வழி உண்டு. யூடிஆர்பி வழியில், வைப்போ எனும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர், ஐந்து பெயர் வரை 1500 டாலர். வக்கீல் செலவு தனி. கையில் டிரேட்மார்க் இல்லாமல் அங்கே போவது வலையில்லாமல் கடலுக்குப் போவது. உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4500 ரூபாய், மற்றக் கம்பெனிகளுக்கு 9000. லாட்ஜுக்கு வகை எண் 43, மீன் கருவாட்டுக்கு 29, மிளகாய்ப் பொடிக்கு 30. விண்ணப்பத்தை நீங்களே போடலாம். யாராவது ஆட்சேபம் எழுப்பிக் கடிதம் வந்தால் அப்போது டிரேட்மார்க் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.